இன்வர்ட்டர்களில் மென்னிலைமாற்றம்: வெப்பத்தைத் தணிக்கும் நுட்பம்



மின்னணுப் பொறியியலின் ஒரு சிறு பகுதியைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்று கழகத்தார் அழைத்தபோது சற்றுத் தயங்கினேன். அத்தயக்கம் பொருளைப் பற்றியது அன்று; மொழியைப் பற்றியது. இத்துறையில் நான் படித்ததும் பணியாற்றியதும் ஆங்கிலத்தில். தமிழில் இதை விளக்க ஒரே ஒருமுறை முயன்று தோற்றிருக்கிறேன். அந்தத் தோல்வியிலிருந்தே இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிற்கு ஒரு மின்தூண்டல் அடுப்பு வாங்கி வந்தேன். அதில் தண்ணீர் கொதிப்பதைக் கண்ட என் தாயார், "ஏம்பா, நெருப்பே இல்லாம பாத்திரம் எப்படிச் சுடுது? நீ இதைத்தானே படிச்சே?" என்று கேட்டார். ஆம், நான் அதைத்தான் படித்திருந்தேன். ஆனால் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. சொற்கள் இல்லை என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. எனக்கு ஆங்கிலத்தில் சூத்திரம் தெரிந்திருந்தது, விளக்கம் தெரிந்திருக்கவில்லை. தாய்மொழியில் சொல்லிப் பார்த்தபோதுதான் அந்தக் குறை எனக்கே புலப்பட்டது.

இன்வர்ட்டர் செய்யும் வேலை

சூரியத் தகடு தருவதும் மின்கலம் தருவதும் நேர்திசை மின்னோட்டம். நம் வீடுகளுக்கு வருவதோ ஒரு வினாடிக்கு 50 முறை அலைவுறும் மாறுதிசை மின்னோட்டம். முன்னதைப் பின்னதாக மாற்றும் கருவியே இன்வர்ட்டர். இச்சொல்லைத் தமிழாக்காமல் அப்படியே ஆளுகிறேன். கடைக்காரரும் மின்பணியாளரும் வழங்கும் சொல் அதுவே.

இம்மாற்றத்தை நிகழ்த்துபவை சுவிட்சுகள். சுவரில் நாம் தட்டும் சுவிட்சைப் போன்றவைதாம். ஆனால் அசையும் உறுப்பு எதுவும் இல்லாத, சிலிக்கனால் ஆன டிரான்சிஸ்டர்கள். இவை வினாடிக்குப் பல்லாயிரம் முறை மூடித் திறக்கின்றன. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் மூடியிருக்க வேண்டும் என்பதைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போனால், வெளியீட்டின் சராசரி ஓர் அலையைப் போல ஏறி இறங்கும். இதைத் துடிப்பகலப் பண்பேற்றம் என்பர். துண்டு துண்டான அத்துடிப்புகளை மென்மையான அலையாக்குவது மின்தூண்டி எனப்படும் கம்பிச்சுருள்.

சுவிட்சுகள் இயங்கும் அதிர்வெண்ணை உயர்த்தினால் இரு நன்மைகள் உண்டு. முதலாவது, கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சிறியனவாகலாம், கருவி இலேசாகும். இரண்டாவது, அதிர்வெண் 20,000 ஹெர்ட்சைத் தாண்டினால் மனிதச் செவிக்கு இரைச்சல் கேட்காது. ஆகவே பொறியாளர் எவரும் அதிர்வெண்ணை உயர்த்தவே விரும்புவர். அதைத் தடுத்து நிற்பது வெப்பம்.

வெப்பம் எங்கே பிறக்கிறது?

சுவிட்சில் வீணாகும் திறன், அதன் குறுக்கே நிற்கும் மின்னழுத்தத்தையும் அதனூடே ஓடும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் கிடைக்கும். சுவிட்சு திறந்திருக்கும்போது அழுத்தம் உண்டு, ஓட்டம் இல்லை. மூடியிருக்கும்போது ஓட்டம் உண்டு, அழுத்தம் ஏறத்தாழ இல்லை. இரண்டு நிலையிலும் பெருக்குத்தொகை மிகச் சிறியது. அப்படியானால் இழப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குப் போகும் அந்தக் கணத்திலிருந்து. அப்போது அழுத்தம் இன்னும் முழுமையாக இறங்கியிருக்காது, ஓட்டமோ ஏறியிருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்ற அந்த இடைவெளியில்தான் வெப்பம் பிறக்கிறது.

மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். அழுத்தம் 400 வோல்ட், ஓட்டம் 20 ஆம்பியர், ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஆகும் நேரம் 100 நானோ வினாடி என்று கொள்வோம். ஒரு மாற்றத்தில் வீணாகும் ஆற்றல், இம்மூன்றின் பெருக்குத்தொகையில் பாதி. அதாவது 400 மைக்ரோ ஜூல். மூடும்போது ஒருமுறை, திறக்கும்போது ஒருமுறை என ஒரு சுற்றுக்கு 800 மைக்ரோ ஜூல். எறும்பின் அளவுதான். ஆனால் வினாடிக்கு 20,000 சுற்றுகள் எனில் 16 வாட். 1,00,000 சுற்றுகள் எனில் 80 வாட். நகத்தின் அளவேயுள்ள ஒரு சிலிக்கன் துண்டில் 80 வாட் வெப்பம்!

இந்தக் கணக்கை நான் காகிதத்தில் கற்கவில்லை. கருகிய வாடையில் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் வடிவமைத்த இன்வர்ட்டர் ஒன்றைச் சிறியதாக்கும் ஆசையில் அதிர்வெண்ணை 20,000 ஹெர்ட்சிலிருந்து 60,000 ஹெர்ட்சுக்கு உயர்த்தினேன். கம்பிச்சுருள் சிறுத்தது, பெருமைப்பட்டேன். வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகட்டை மட்டும் மாற்றவில்லை. செயல்விளக்கம் தொடங்கிச் சில நிமிடங்களில் புகை எழுந்தது. மூத்த பொறியாளர் ஒருவர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, "சுவிட்சை எத்தனை முறை தட்டலாம் என்று எண்ணினாய், எப்போது தட்டலாம் என்று எண்ணினாயா?" என்று கேட்டார். இன்றைய உரையின் பொருள் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

வன்மையும் மென்மையும்

அழுத்தமும் ஓட்டமும் முழு அளவில் இருக்கும்போதே சுவிட்சை வலிந்து மாற்றுவது வன்னிலைமாற்றம். அவ்விரண்டில் ஒன்று தானாகவே சுழியத்தைத் தொடும்வரை காத்திருந்து மாற்றுவது மென்னிலைமாற்றம். வல்லினம், மெல்லினம் எனப் பகுத்துப் பழகிய நமக்கு இச்சொற்கள் அந்நியமாக ஒலிக்கவில்லை என்று நம்புகிறேன். ஓடும் பேருந்திலிருந்து குதிப்பவர் முழங்காலைச் சிராய்த்துக்கொள்கிறார். நிறுத்தத்தில் இறங்குபவர் நடந்து போகிறார். வேறுபாடு அவ்வளவே.

மென்னிலைமாற்றம் இரு வகைப்படும். சுவிட்சின் குறுக்கேயுள்ள அழுத்தம் சுழியமாக இருக்கும்போது மாற்றுவது சுழிய அழுத்த நிலைமாற்றம். சுவிட்சினூடே ஓடும் மின்னோட்டம் சுழியமாக இருக்கும்போது மாற்றுவது சுழிய ஓட்ட நிலைமாற்றம்.

ஆனால் நேர்திசை மின்னழுத்தம் தானாக ஒருபோதும் சுழியத்தைத் தொடாதே. அதை எப்படித் தொடச் செய்வது? இங்கேதான் ஒத்ததிர்வு துணைக்கு வருகிறது. மின்தூண்டியையும் மின்தேக்கியையும் இணைத்துவிட்டால், ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கும் மீண்டும் முன்னதற்கும் ஊஞ்சலைப் போல ஆடிக்கொண்டிருக்கும். ஊஞ்சல் உச்சிக்குச் சென்ற கணத்தில் அதன் வேகம் சுழியம். அடியில் கடந்து செல்லும் கணத்தில் அதன் விலக்கம் சுழியம். அவ்வாறே இம்மின்சுற்றிலும் ஒரு கணத்தில் ஓட்டம் சுழியமாகும்; இன்னொரு கணத்தில் அழுத்தம் சுழியமாகும். 25 மைக்ரோ ஹென்றி மின்தூண்டியும் 100 நானோ ஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை ஆடும். அந்த ஆட்டத்தின் தாளமறிந்து சுவிட்சை இயக்குவதே கலை.

இரண்டு சுவிட்சுகள் மேலும் கீழுமாக நிற்கும் அரைப்பாலச் சுற்றை எடுத்துக்கொள்வோம். மேல் சுவிட்சு திறக்கிறது. கம்பிச்சுருளில் ஓடிய மின்னோட்டம் உடனே நிற்காது. நிற்க மறுப்பது மின்தூண்டியின் இயல்பு. அவ்வோட்டம் கீழ்ச் சுவிட்சின் குறுக்கேயுள்ள மின்தேக்கியை வடித்துக்கொண்டு பாயும். அழுத்தம் இறங்கி இறங்கிச் சுழியத்தைத் தொட்டதும் டையோடு வழிவிடும். இப்போது கீழ்ச் சுவிட்சை மூடினால் இழப்பு ஏறத்தாழ இல்லை. மேல் சுவிட்சு திறந்தபோதும், அருகிலிருந்த மின்தேக்கி அழுத்தத்தைச் சட்டென ஏறவிடாமல் தாமதப்படுத்தியிருக்கும். ஆதலால் அங்கும் இழப்பு குறைவு. இதற்காக இரு சுவிட்சுகளும் திறந்திருக்கும் ஒரு சிறு இடைவெளி விடப்படுகிறது. மொத்த மின்தேக்குத்திறன் 2 நானோ ஃபாரட், அழுத்தம் 400 வோல்ட், ஓட்டம் 4 ஆம்பியர் எனில் வடிவதற்கு 200 நானோ வினாடி போதும். ஓட்டம் அரை ஆம்பியராகக் குறைந்துவிட்டால் 1,600 நானோ வினாடி வேண்டும். இந்த இரண்டாம் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

வளர்ந்த வழி

ஒத்ததிர்வை இன்வர்ட்டருக்குள் முதலில் கொண்டுவந்தது சிக்கனம் அன்று, கட்டாயம். 1950களின் இறுதியில் வந்த தைரிஸ்டர் என்னும் சுவிட்சை மூடலாம். ஆனால் நாம் நினைத்தபோது திறக்க இயலாது. அதனூடே ஓடும் மின்னோட்டம் சுழியமானால்தான் அது திறக்கும். எனவே 1960களில் வில்லியம் மெக்மரே போன்றோர் மின்தூண்டி, மின்தேக்கி ஆகியவற்றின் துடிப்பைக் கொண்டு அதன் ஓட்டத்தைச் சுழியமாக்கும் சுற்றுகளை வகுத்தனர். பின்னர், நினைத்தபோது திறக்கவல்ல டிரான்சிஸ்டர்கள் வந்ததும் அந்தத் தேவை நீங்கியது. வன்னிலைமாற்றம் எளிய வழியாகப் பரவியது.

அதிர்வெண் உயர உயர வெப்பம் மிகுந்தபோது பழைய வழி புதிய நோக்கோடு திரும்பியது. 1986ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து தீபக் திவான் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனியே ஒத்ததிர்வுச் சுற்று அமைப்பானேன்? எல்லாச் சுவிட்சுகளுக்கும் பொதுவான மின்வழங்கு தடத்தையே ஆடவிட்டால், அது சுழியத்தைத் தொடும் கணங்களில் எந்தச் சுவிட்சையும் இழப்பின்றி மாற்றலாமே என்றார். ஒத்ததிர்வு நேர்திசைத் தடம் எனப்படும் இம்முறை எளிமையானது. ஆனால் ஆடும் அழுத்தம் வழங்கலின் இருமடங்கைத் தொட்டது. சுவிட்சுகள் அதைத் தாங்க வேண்டியிருந்தது. உச்சத்தைக் கட்டுப்படுத்தும் துணைச் சுற்றைச் சேர்த்து அதனை 1.2 முதல் 1.4 மடங்குவரை பின்னர் குறைத்தனர்.

1990இல் டி டொங்கர், லயன்ஸ் ஆகிய இருவரும் மாற்று வழியொன்றைக் காட்டினர். அவர்களது அமைப்பில் முதன்மைச் சுற்று வழக்கம்போல் இயங்கும். நிலைமாற்றம் நிகழும் கணத்தில் மட்டும், ஒரு சிறு துணைச் சுவிட்சும் ஒரு சிறு மின்தூண்டியும் இடையே புகுந்து அழுத்தத்தைச் சுழியத்திற்குக் கொண்டுவந்துவிட்டு விலகிக்கொள்ளும்.

இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது நன்னூல் கூறும் உடம்படுமெய். மணி, ஓசை என இரு சொற்கள் சேரும்போது இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் முட்டுகின்றன. அவற்றை உடம்படுத்த யகர மெய் ஒன்று இடையே தோன்றி 'மணியோசை' ஆகிறது. பலாவும் இலையும் சேரும்போது வகர மெய் வந்து 'பலாவிலை' ஆகிறது. அந்த மெய்க்குத் தனிப் பொருள் இல்லை. சேரும் இடத்தில் மட்டும் அதற்கு வேலை. துணைச் சுற்றும் அவ்வாறே பயனருக்குத் திறன் எதையும் தருவதில்லை. மாறும் கணத்தை மட்டும் மென்மையாக்குகிறது. ஒப்புமை இந்த அளவில் நிற்கிறது. உடம்படுமெய்க்குச் செலவில்லை, துணைச் சுற்றுக்கு விலை உண்டு, இடம் உண்டு, சிறிது இழப்பும் உண்டு.

அடுப்புக்குத் திரும்புவோம்

இனி என் தாயாரின் கேள்விக்கு விடை கூற இயலும். அடுப்பின் கண்ணாடித் தட்டுக்கடியில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதனுள் 20,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் மாறுதிசை மின்னோட்டம் ஓடுகிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் இரும்புப் பாத்திரத்தின் அடிப்பகுதியில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவ்வோட்டங்களுக்கு இரும்பு காட்டும் தடையால் பாத்திரமே சூடாகிறது. அடுப்பில் நெருப்பு தேவையில்லை. அந்த மின்னோட்டத்தைத் தருவது ஓர் இன்வர்ட்டர். பாத்திரத்தோடு கூடிய கம்பிச்சுருளையே ஒத்ததிர்வின் மின்தூண்டியாகக் கொள்வதால் மென்னிலைமாற்றத்திற்குத் தனிச் சுருள்கூடத் தேவைப்படுவதில்லை. உலகெங்கும் மிகுதியாகப் பரவிய மென்னிலைமாற்ற இன்வர்ட்டர்களுள் ஒன்று நம் சமையலறையில் இருக்கிறது.

ஊஞ்சலை உவமையாகக் காட்டி இதை விளக்கியபோது என் தாயார் கவனமாகக் கேட்டார். பிறகு, "அது சரி. சூட்டைக் குறைச்சு வச்சா பால் கொஞ்ச நேரம் பொங்குது, கொஞ்ச நேரம் அடங்குது. கேஸ் அடுப்பு மாதிரி ஒரே சீரா ஏன் இல்ல?" என்று கேட்டார். முதல் கேள்வியைவிட இது கூர்மையானது. மென்னிலைமாற்றத்தின் எல்லையை அவர் பாற்பாத்திரத்திலேயே கண்டுவிட்டார்.

விலை குறைந்த அடுப்புகளில் ஒரே ஒரு சுவிட்சுதான் இருக்கும். அது திறந்ததும் சுருளும் மின்தேக்கியும் ஆடத் தொடங்கும். சுவிட்சின் குறுக்கே அழுத்தம் 1,000 வோல்ட்டையும் தாண்டி உயர்ந்து, பிறகு சுழியத்திற்கு இறங்கி வரும். அப்போது மூட வேண்டும். சுருளில் போதிய ஆற்றல் இருந்தால்தான் அழுத்தம் சுழியம்வரை இறங்கும். சூட்டைக் குறைப்பதற்காக ஆற்றலைக் குறைத்தால், மெல்லத் தள்ளிய ஊஞ்சல் நம் கைக்கு எட்டாமல் பாதியில் திரும்புவது போல, அழுத்தமும் சுழியத்தை எட்டாமல் திரும்பிவிடும். அந்நிலையில் மூடினால் மீண்டும் வன்னிலைமாற்றம், சுவிட்சு சூடேறும். ஆகவே வடிவமைப்பாளர் ஒரு வரம்புக்குக் கீழே திறனை இறக்குவதில்லை. சில வினாடிகள் இயக்கி, சில வினாடிகள் நிறுத்தி, சராசரியைக் குறைக்கிறார். பால் பொங்கி அடங்குவது அதனால்தான். சற்றுமுன் நினைவில் வைக்கச் சொன்ன 1,600 நானோ வினாடிக் கணக்கும் இதே உண்மையைத்தான் கூறுகிறது: ஓட்டம் குறைந்தால் மென்மை கைநழுவும்.

எல்லைகளும் இன்றைய தேவையும்

வேறு எல்லைகளும் உள்ளன. மென்னிலைமாற்றம், மாறும் கணத்தின் இழப்பை மட்டுமே குறைக்கும். மூடிய நிலையில் ஓட்டம் கடந்து செல்வதால் நேரும் இழப்பு அப்படியே இருக்கும். ஆடுவதற்கென்றே சுழலும் கூடுதல் மின்னோட்டத்தால் சில சுற்றுகளில் அது மிகுவதும் உண்டு. சில ஆயிரம் ஹெர்ட்சில் இயங்கும் பெரிய மோட்டார் இன்வர்ட்டர்களில் மாறும் கணங்கள் குறைவு. அங்கே வன்னிலைமாற்றமே பெரிதும் வழங்குகிறது. எந்த நுட்பத்தையும் தேவையறிந்து ஆள வேண்டும்.

சிலிக்கன் கார்பைடு, கேலியம் நைட்ரைடு ஆகிய புதிய பொருள்களாலான சுவிட்சுகள் மிக விரைவாக மாறுவதால் இந்நுட்பத்திற்கு இனி வேலையில்லை எனச் சிலர் கருதக்கூடும். விரைவாக மாறினால் இழப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் செங்குத்தாக ஏறி இறங்கும் அழுத்தம் அருகிலுள்ள கருவிகளில் குறுக்கீட்டை உண்டாக்கும்; மோட்டார்ச் சுருள்களின் காப்புறையையும் வருத்தும். கூகுள் நிறுவனமும் அமெரிக்க மின் பொறியாளர் அமைப்பும் 2014இல் அறிவித்த போட்டியை இங்கே குறிப்பிடலாம். 2 கிலோவாட் இன்வர்ட்டர் ஒன்றை 40 கன அங்குலத்திற்குள், அதாவது ஒரு சிறு புத்தக அளவுக்குள், அடக்க வேண்டும். பரிசு பத்து லட்சம் அமெரிக்க டாலர். 2016இல் வென்ற பெல்ஜியம் அணி கேலியம் நைட்ரைடு சுவிட்சுகளைப் பயன்படுத்தியது; அவற்றையும் மென்னிலைமாற்றத்தோடு இயக்கியது. புதிய பொருளும் பழைய நுட்பமும் கைகோத்தன.

இதனால் நமக்கு என்ன? சிங்கப்பூரில் 2014 முதல் சோலார்நோவா திட்டத்தின்கீழ் வீவக அடுக்குமாடிக் கூரைகளில் சூரியத் தகடுகள் நிறுவப்பட்டு வருகின்றன. தெங்கே நீர்த்தேக்கத்தில் மிதக்கும் சூரிய மின்நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. அதன் உச்சத் திறன் 60 மெகாவாட். இன்வர்ட்டர்களில் ஒரு சதவீதத்தை மிச்சப்படுத்தினால், உச்ச நேரத்தில் 600 கிலோவாட். இரண்டு கிலோவாட் மின்கெண்டிகள் 300ஐ ஒரே நேரத்தில் கொதிக்கவைக்கும் திறன் அது. மேலும், நம் வெயிலில் கருவியின் உள்வெப்பம் குறைவது அதன் ஆயுளுக்கும் உறுதி. கருவியினுள் இருக்கும் மின்பகு மின்தேக்கியின் வெப்பநிலை 10 பாகை குறைந்தால் அதன் வாழ்நாள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர் நெடுங்காலமாகக் கொள்ளும் கணிப்பு.

நிறைவாக

ஆசிரியப் பெருமக்களே, சொற்களைப் பற்றி ஒன்று கூறி அமைகிறேன். தமிழகப் பாடநூல்கள் மின்தேக்கி என்பதை இலங்கைப் பாடநூல்கள் கொள்ளளவி என்கின்றன. அங்கே சாவி என்பது இங்கே சுவிட்சு, இலங்கையில் ஆளி. எது சரி என்று வாதிட்டுக்கொண்டே காலம் கழிப்பதைவிட, ஒன்றைத் தெரிந்தெடுத்து அதைக்கொண்டு ஒரு மாணவருக்கு ஓர் உண்மையை விளக்குவது மேல். சொல் பழக்கத்தால் நிலைக்கும். விளக்கம் இல்லாவிட்டால் எச்சொல்லும் நிலைக்காது. வகுப்பில் அறிவியல் கட்டுரை எழுதச் சொல்லும்போது, அறிவியலின் பெருமையை எழுதச் சொல்லாதீர்கள். வீட்டிலுள்ள ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எம்மொழியிலும் பொறியியல் படியுங்கள். படித்ததை வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்லத் தடுமாறும் இடம் எதுவோ, அதுவே நீங்கள் இன்னும் சரியாகக் கற்காத இடம். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விக்கும் காத்திருங்கள். என் தாயாரின் இரண்டாம் கேள்விக்கு விடை தேடிய பிறகே நான் இத்துறையை அறிந்தவனானேன்.